அன்டுவர்ட் நில்

1. முதல் நாள் கேட்ட சொல்

போலீஸ் வேலையில் சேர்ந்த பிறகு எனக்குக் கிடைத்த முதல் பந்தோபஸ்து ஆற்றுத் திருவிழா. தை ஐந்தாம் நாள் தென்பெண்ணை மணலில் நடக்கும். ஆற்றுக்கு இந்தப் பக்கம் எங்கள் பாகூர் கொம்யூன், அந்தப் பக்கம் அடுத்த மாநிலத்தின் கடலூர் மாவட்டம். இரண்டு கரை ஊர்ச் சாமிகளும் அன்றைக்கு ஆற்றில் இறங்கித் தீர்த்தவாரி முடித்துப் போகும். மணலெல்லாம் கடை. கரும்பு, பொரி, வளையல், பலூன், எல்லாவற்றுக்கும் மேலே சிறுவள்ளிக்கிழங்கு. அந்தக் கிழங்கை வாங்காமல் ஆற்றிலிருந்து வீட்டுக்குப் போனால் போனதாகவே கணக்கில்லை.

காலையில் எங்களை வரிசையாக நிற்க வைத்து அப்போதைய எஸ்.ஐ. பேசினார். "தண்ணி போட்டவன் எவனும் தண்ணியில எறங்கக் கூடாது. பொம்பளைங்க பக்கம் எவனும் போவக் கூடாது. முக்கியமா அன்டுவர்ட் எதுவும் ஆவக் கூடாது. புரிஞ்சுதா?"

முதல் இரண்டும் புரிந்தன. மூன்றாவது ஆளா, சாமானா என்றே தெரியவில்லை. நான் வில்லியனூர் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். பங்குப் பள்ளிக்கூடத்தில் தமிழ் மீடியத்தில் படித்தவள். பக்கத்தில் நின்ற ஏட்டையாவிடம் மெதுவாகக் கேட்டேன். அவர் தலையைத் திருப்பாமலே சொன்னார்.

"எது நடந்தா நமக்கு மெமோ வருமோ, அதாம்மா அன்டுவர்ட்."

பிற்பாடு ஸ்டேஷன் ரைட்டரைக் கேட்டேன். "மறுநாள் பேப்பர்ல வந்தா அன்டுவர்ட். வரலன்னா இல்ல" என்றார். இருவர் சொன்னதும் சரியாகத்தான் இருந்தது என்பது சர்வீஸ் முழுக்கப் பார்த்த பிறகு தெரிந்தது.

இங்கிலீஷ் அகராதியையும் ஒருநாள் பார்த்தேன். முறைகேடாக நடப்பதற்கும் அந்தச் சொல்தான், கெட்ட நேரத்தால் தானாக வந்து சேர்வதற்கும் அதே சொல்தான் என்று போட்டிருந்தது. ஒருவன் செய்த தப்பும், யாரும் செய்யாமலே வந்த கஷ்டமும் ஒரே மூட்டையில். தமிழில் அதற்கு ‘அசம்பாவிதம்’ என்று சொல்லி மைக்கில் முழங்குவோம். வாக்கிடாக்கியில் கன்ட்ரோல் ரூமுக்குச் சொல்லும்போது மட்டும் சுருக்கமாக ‘அன்டுவர்ட் நில்’; நில் என்றால் இங்கிலீஷில் ஒன்றுமில்லை. கன்ட்ரோல் கேட்கும்: "அன்டுவர்ட் எதனா?" நாம் சொல்ல வேண்டியது: "நில் சார்." இந்த இரண்டு வார்த்தையையும் நான் ஜெபத்தை விட அதிகம் தடவை சொல்லியிருக்கிறேன். கடவுள் மன்னிப்பாராக.

2. காப்பு அவிழ்க்கும் வாக்கியம்

சோரியாங்குப்பத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு ஊர். பெயர் வேண்டாம், சம்பந்தப்பட்டவர்கள் நன்றாக இருக்கிறார்கள். கரும்பும் நெல்லும் போடுகிற ஊர். அங்கே அம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால், அதை அவிழ்க்கும் வரை ஊருக்குள் கல்யாணம், நிச்சயதார்த்தம், காது குத்து எதுவும் கூடாது. இது எல்லா ஊரிலும் உள்ளதுதான். அந்த ஊரில் மட்டும் கூடுதலாக ஒன்று உண்டு.

தீர்த்தவாரி முடிந்ததும் போலீஸ் மைக்கில் நன்றி சொல்வது வழக்கம். "எந்தவித அசம்பாவிதமும் இன்றி விழா இனிதே நடைபெற ஒத்துழைத்த பொதுமக்களுக்கு..." என்று தொடங்குவோம். எல்லா ஊரிலும் இதைக் காதில் வாங்காமல் மக்கள் கலைந்துவிடுவார்கள். இந்த ஊரில் ஒரு வருஷம் மைக் செட் பழுதாகி அறிவிப்பு இல்லாமல் போனது. அந்தக் கோடையில் ஒரு கரும்புக் கொல்லை பற்றிக்கொண்டு எரிந்தது. அவ்வளவுதான். அடுத்த வருஷத்திலிருந்து போலீஸ் அந்த வாக்கியத்தைச் சொன்னால்தான் அம்மனைத் தூக்குவார்கள், காப்பை அவிழ்ப்பார்கள். தீர்த்தவாரிக்கு அம்மன் சூலத்தை ஆற்றில் முக்குவது பூசாரி வேலை, அசம்பாவிதம் இல்லை என்று சொல்வது போலீஸ் வேலை. பூசையில் எங்களுக்கும் ஒரு பங்கு வந்து சேர்ந்துவிட்டது.

இதை முதலில் கேட்டபோது சிரித்தேன். பிறகு எங்கள் மேலதிகாரிகள் எல்லாரையும் விட இந்த ஊர்க்காரர்கள்தான் அந்த வாக்கியத்தை நம்புகிறார்கள் என்று தோன்றியது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

3. அம்மன் இறங்கிய வருஷம்

நான் ஏ.எஸ்.ஐ. ஆன பிறகு நடந்தது இது. அன்று காலையிலேயே ஏழுமலை என்னைத் தேடி வந்தார். அந்த ஊரில் கரும்பு போடுகிறவர், அம்மன் பல்லக்கின் முன்கொம்பு அவர் தோளில்தான். கையில் ஒரு பை கிழங்கு.

"மேரி மேடம், நாளிக்குக் காலையில நம்ம கோகிலாவுக்கு நிச்சயம். அக்கரை மாப்ள. சேதராப்பட்டு கம்பெனியில ஷிப்ட்டு. நீங்க கண்டிப்பா வரணும்."

"இன்னிக்கு சாயந்திரம் காப்பு அவுத்து நாளிக்கே நிச்சயமா? இன்னா அவசரம்?" என்று கேட்டேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "சம்பந்தி ஒரு மாதிரி மேடம். சகுனம் பாப்பாரு. இதுக்கு முன்னாடி ஒரு எடத்துல பேசி முடிச்சு, பல்லி கத்துச்சுன்னு எழுந்து வந்துட்டவரு. நாள விட்டா மனசு மாறிடுவாரு. பொண்ணுக்கும் புள்ளைக்கும் புடிச்சுப் போச்சு. அதான் பயம்."

பல்லிக்காகச் சம்பந்தத்தை விட்ட மனிதரை நான் பார்க்க ஆசைப்பட்டேன். மத்தியானம் அந்த ஆசை நிறைவேறியது. அக்கரைக் குடும்பம் மணலைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து கிழங்குக் கடை நிழலில் உட்கார்ந்தது. தட்சிணாமூர்த்தி என்ற அந்தச் சம்பந்தி, மடிப்புக் கலையாத வெள்ளைவேட்டி. பக்கத்தில் அவர் மனைவி அலமேலு, வாய் நிறைய வெற்றிலை, பேச்சில்லை. மாப்பிள்ளை பிரபு, கோகிலா எங்கே நிற்கிறாள் என்று பார்ப்பதும், பார்க்கவில்லை என்று காட்டுவதுமாக இருந்தான். கோகிலா என் பக்கத்தில்தான் நின்றாள். என் யூனிபாரம் அவளுக்கு நல்ல மறைப்பு.

எங்கள் எஸ்.ஐ. கதிரேசன் சாருக்கு அன்று ஒரே பரபரப்பு. கடலூர் ரோட்டில் வி.ஐ.பி. பாஸிங், அங்கேயும் அவர்தான் நிற்க வேண்டும். கன்ட்ரோல் வாக்கியில் கத்திக்கொண்டே இருந்தது. சார் வாட்சைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார்.

"இன்னாம்மா இன்னும் முடியலியா?"

"பூசாரி இன்னும் சூலம் முக்கல சார். அதுக்கப்புறம்தான் நாம அறிவிக்கணும்."

"அதெல்லாம் முக்கிக்குவாங்க. நான் சொல்லிட்டுக் கெளம்புறேன்."

தடுப்பதற்குள் மைக்கை வாங்கிவிட்டார். "எந்தவித அசம்பாவிதமும் இன்றி..." என்று கணீரென்று சொன்னார். நல்ல குரல் அவருக்கு. கன்ட்ரோலுக்கும் "அன்டுவர்ட் நில்" சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

அந்த வாக்கியம் காதில் விழுந்தால் அம்மனைத் தூக்க வேண்டும் என்பது பல்லக்குக்காரர்களுக்கு உடம்பில் ஊறிப்போன பழக்கம். பம்பைக்காரன் அடித்துவிட்டான். பூசாரி இடுப்பளவுத் தண்ணீரில் சூலத்தோடு நின்று "டேய், இருங்கடா!" என்று கத்தியதை பம்பைச் சத்தம் விழுங்கியது. அம்மனுக்கு அலங்காரம் மாற்றுவதற்காகக் கட்டுக் கயிற்றைத் தளர்த்தி வைத்திருந்தார்கள். பல்லக்கு எழுந்தது, நாலடி நகர்ந்தது. அந்தத் தண்ணீரோரத்தில் யாரோ மணல் அள்ளிவிட்டுப் போன பள்ளம் ஆற்றுத் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தது. ஏழுமலையின் கால் அதற்குள் போனது. பல்லக்கு சாய்ந்தது. அம்மன் சத்தமே இல்லாமல் தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள்.

பம்பை நின்றது. கிழங்குக் கடைக்காரி கூட எழுந்து நின்றாள்.

பெண்கள் அழ ஆரம்பித்தார்கள். கழுத்தளவுத் தண்ணீரில் நின்ற ஏழுமலையின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவர் அம்மனைத் தேடவில்லை, கரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கரையில் தட்சிணாமூர்த்தி எழுந்து வேட்டியை உதறிக்கொண்டிருந்தார்.

"ஏந்திரு அலமேலு. போலாம்."

என் பக்கத்தில் கோகிலா என் கையைப் பிடித்தாள்.

அப்போது ஒரு சத்தம், தண்ணீரில் யாரோ குதித்த சத்தம். பிரபுதான். புதுச் சட்டை, பேன்ட், எல்லாவற்றோடும். அவனுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் இறங்கினார்கள். காலால் துழாவினார்கள், முங்கினார்கள், சேற்றைக் கிளறினார்கள். நான் கரையிலிருந்து "கயிறு கொண்டாங்க, ஒருத்தர ஒருத்தர் புடிச்சுக்கங்க" என்று கத்திக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் எதுவும் கிடைக்கவில்லை. பள்ளம் எவ்வளவு ஆழம் என்று யாருக்கும் தெரியாது. எனக்கு அம்மனை விட, உள்ளே இறங்கியவர்கள் மேலே வரவேண்டுமே என்ற கவலைதான் பெரிதாக இருந்தது. வாய்க்குள் அருள்நிறை மரியே சொல்லிக்கொண்டேன்.

பிரபு மூன்றாவது முறை முங்கி வந்தபோது மார்போடு அம்மனை அணைத்திருந்தான். மூக்கிலும் காதிலும் சேறு, அவனுக்கும் அம்மனுக்கும். கூட்டம் போட்ட சத்தத்தில் அக்கரை போலீஸ்காரர்கள் கூட இந்தப் பக்கம் ஓடி வந்துவிட்டார்கள்.

4. யார் சொல்வது

கிடைத்ததோடு முடியவில்லை. அம்மனைப் பல்லக்கில் வைத்துவிட்டு ஊர்ப் பெரியதனக்காரர்கள் என்னைச் சுற்றி நின்றார்கள்.

"மேடம், உங்க சார் சொன்னது பொய்யாப் போச்சு. சொன்ன கையோட சாமி வுழுந்துடுச்சு. மறுபடியும் சொல்லாம காப்பு அவுக்க முடியாது."

"சொல்றதுக்கு நடந்தது அசம்பாவிதமா இல்லையான்னு தெரியணுமே" என்றார் இன்னொருவர்.

தட்சிணாமூர்த்தி அங்கே வந்து நின்றார். கோபமாக இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "நீங்களே சொல்லுங்க மேடம். போலீஸ்தான் இதச் சொல்றவங்க. இது அசம்பாவிதம்தானே? தூக்குனவரு யாரு? பொண்ணோட அப்பா. நாளிக்கு நாங்க எப்டி தட்டு மாத்தறது?"

நனைந்த வேட்டியோடு ஏழுமலை கொஞ்ச தூரத்தில் நின்றார். கிட்டே வரவில்லை. நான் இல்லை என்று சொன்னால் அவர் மகளுக்கு நாளை நிச்சயம் நடக்கும், ஆமாம் என்றால் காப்பும் அவிழாது, கல்யாணமும் நடக்காது. என் சர்வீஸில் இவ்வளவு கனமாக அந்தச் சொல் என் வாயில் வந்து உட்கார்ந்ததே இல்லை.

வாக்கியில் கதிரேசன் சாரைக் கூப்பிட்டேன்.

"சார், இங்க ஒரு சின்ன விஷயம்."

"யாருக்கனா அடியா?"

"இல்ல சார்."

"சண்டையா?"

"இன்னும் இல்ல சார்."

"அப்புறம் இன்னாம்மா? நில்லுதானே?"

"சாமி தண்ணியில விழுந்துடுச்சு சார். எடுத்துட்டாங்க."

வாக்கி கரகரத்தது. பிறகு சார் சொன்னார்: "அம்மா, சாமியெல்லாம் நம்ம கேட்டகிரில வராது. பாத்துப் பண்ணு. ஓவர்."

பாத்துப் பண்ணு. அரசாங்க உத்தியோகத்தில் இதைவிடப் பெரிய அதிகாரமும் கிடையாது, பெரிய தலைவலியும் கிடையாது.

நான் உண்மையைச் சொன்னேன். "எனக்கு இதச் சொல்ல உரிமை இல்லீங்க. நான் மாதா கோயிலுக்குப் போறவ. உங்க சாமி விஷயத்துல நான் வாய வெக்கக் கூடாது."

அதுவரை ஒரு வார்த்தை பேசாத அலமேலு எழுந்து வந்தார். வெற்றிலையை ஓரமாகத் துப்பிவிட்டு என் முன்னால் நின்றார்.

"உங்க மாதாவுக்குத் தேர் உண்டு இல்ல மேடம்?"

"உண்டு."

"தேர் போவ சொல்ல மழ வந்துருக்கா?"

"போன வருஷம் கூட வந்துது. நல்ல மழை."

"மாதா நனைஞ்சாங்களா?"

"நனைஞ்சாங்க."

"ஜனங்க இன்னா சொல்லிச்சு? கெட்ட சகுனம்னு வூட்டுக்குப் போயிடுச்சா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இல்லீங்க. ஆசீர்வாதம்னு சொல்லிக் குடைய மடிச்சு வெச்சிட்டு நடந்தோம்."

அலமேலு புருஷன் பக்கம் திரும்பினார். "கேட்டியா? வருஷா வருஷம் சூலத்த மட்டும் முக்கி எடுத்துனு போயிடுறானுங்க. அவளக் கரையிலயே ஒக்கார வெச்சி வேடிக்க காட்டுறது. இந்த வருஷம் அவளே எறங்கிக் குளிச்சிட்டா. குளிக்க வந்தவ குளிச்சதுக்கு இன்னாயா சகுனம்? எடுத்துக் குடுத்தது யாரு? உம் புள்ள. ஊரே இறங்கித் தேடும்போது அவன் கையில வந்தா. இதுக்கு மேல இன்னா வேணும் உனக்கு? பல்லி வந்து கையெழுத்துப் போடணுமா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். தட்சிணாமூர்த்தி பூசாரியைப் பார்த்தார். பூசாரி சூலத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "அம்மா சொல்றதுல தப்பு இல்ல. தீர்த்தவாரின்னா குளியல்தான்" என்றார். அவருக்கும் சீக்கிரம் காப்பு அவிழ்த்து வீட்டுக்குப் போக வேண்டும் போல.

தட்சிணாமூர்த்தி ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அப்படிப்பட்டவர்கள் ராத்திரியில் படுத்து யோசித்துக் காலையில் மனம் மாறுவார்கள். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. மைக்கை எடுத்தேன்.

"பொதுமக்களுக்கு அறிவிப்பு. இந்த வருடம் அம்மன் தானே ஆற்றில் இறங்கித் தீர்த்தமாடினாள். யாருக்கும் காயம் இல்லை. எந்தவித அசம்பாவிதமும் இன்றி விழா இனிதே நிறைவடைந்தது." இங்கே நிறுத்த வேண்டும், அதுதான் மாமூல். நான் நிறுத்தவில்லை. "நாளைக் காலை ஏழுமலை மகள் கோகிலாவுக்கும், அம்மனை மீட்டுத் தந்த அக்கரை பிரபுவுக்கும் நிச்சயதார்த்தம். அனைவரும் வருக."

குழாய் ஸ்பீக்கர் இரண்டு கரைக்கும் கேட்கும். இரண்டு மாநிலத்து ஜனமும் கேட்டபின் ஒரு மனிதன் எப்படிப் பின்வாங்குவான்? அக்கரைப் போலீஸ்காரர் ஒருவர் கைதட்டினார். பம்பை அடித்தது. தட்சிணாமூர்த்தி என்னை ஒரு நிமிடம் முறைத்துப் பார்த்துவிட்டு, மகனின் சேற்றுச் சட்டையைத் தட்டிவிட ஆரம்பித்தார். ஏழுமலை அப்படியே மணலில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். கோகிலா என் கையை விட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து வாக்கி கேட்டது. "ஆற்றுத் திருவிழா, அன்டுவர்ட் எதனா?"

"நில் சார்."

முழு மனதோடு நான் சொன்ன நில் அது ஒன்றுதான்.

5. போன தையில்

மேடையில் பேசச் சொன்னால் வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்வேன். கெட்டது நடந்தால் எழுத நம்மிடம் சொல் இருக்கிறது. நடக்கவில்லை என்றால் எழுதவும் சொல் இருக்கிறது. நடக்கவிருந்த கெட்டதை ஒருவர் வாய் திறந்து நல்லதாக்கினால் எழுத எந்த ரிப்போர்ட்டிலும் இடமில்லை. அதனால் நில் என்று சொல்லும்போது, இன்றைக்கு யார் நமக்காக வாய் திறந்தார்கள் என்று ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். அவர்கள் பெரும்பாலும் வெற்றிலை போட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருப்பார்கள்.

ரிட்டயர் ஆனபின் போன தையில் சாதாரணமாகப் புடவை கட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போனேன். கிழங்கு வாங்கினேன். அந்த ஊர் அம்மன் தண்ணீர் ஓரம் வந்து நின்றாள். பூசாரி சூலத்தோடு அம்மனையும் ஒருமுறை முழுக்கக் குளிப்பாட்டித் தூக்கினார். அலமேலு போட்ட உத்தரவாம், இப்போது அதுவே முறை.

மைக்கில் ஒரு சின்னப் பெண் போலீஸ். "எந்தவித அசம்பாவிதமும் இன்றி..." என்று ஒப்பித்து முடித்தாள். கூட்டம் கலையவில்லை. பம்பைக்காரன் குச்சியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றான். அவள் திகைத்துப் போய்ச் சுற்றிப் பார்த்தாள்.

"அப்புறம் மேடம்?" என்று ஒரு குரல் வந்தது. "நாளிக்கு யார் வூட்ல விசேஷம்னு சொல்லுங்க. அதச் சொன்னாதான் காப்பு அவுப்போம்."

அவளுக்குப் புரியவில்லை. தலை நரைத்த ஏழுமலை அவள் பக்கத்தில் போய்க் காதோரம் ஏதோ சொன்னார். அவள் தலையாட்டிவிட்டு மைக்கை வாயருகே வைத்தாள்.

"நாளைக் காலை கோகிலா, பிரபு தம்பதியின் மகளுக்குக் காது குத்து. அனைவரும் வருக."

பம்பை அடித்தது, அம்மன் எழுந்தாள்.